கத்திரி வெயிலில் வீட்டு நீச்சல் குளம்: பாசி பிடிக்காமல் பராமரிக்க முழுமையான வழிகாட்டி

பங்குனி வரை பளிச்சென்று இருந்த குளம் சித்திரையில் திடீரென்று பச்சை தட்டுவது ஏன்? தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டியதும் பாசி வேகமாக வளர்கிறது. அதே நேரத்தில், பாசியைக் கொல்ல வேண்டிய குளோரினை வெயில் தின்றுவிடுகிறது. பெரும்பாலானவர்கள் இதற்குச் செய்வது ஒன்றுதான்: பவுடரை இன்னும் அதிகமாகக் கொட்டுவது. இரண்டு மாதம் கழித்து எவ்வளவு கொட்டினாலும் தண்ணீர் தெளியாமல் நிற்பதற்கு அதுவே காரணமாகிறது.

கீழே உள்ள அளவுகள் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.25 மீட்டர் ஆழம் கொண்ட, டைல்ஸ் ஒட்டிய, மணல் ஃபில்டர் உள்ள குளத்துக்கானவை. பண்ணை வீடுகளிலும் கிழக்குக் கடற்கரைச் சாலை வீடுகளிலும் ஏறக்குறைய இந்த அளவில்தான் கட்டுகிறார்கள்.

1. முதலில் லிட்டர் கணக்கு

நீளம் × அகலம் × சராசரி ஆழம் × 1000. எல்லாம் மீட்டரில். மேலே சொன்ன குளத்துக்கு 40,000 லிட்டர். ஆழம் குறைந்த பக்கத்தையும் கூடிய பக்கத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி ஆழம் வந்துவிடும். சுவரின் உயரத்தை அளக்கக் கூடாது. தண்ணீர் நிற்கும் உயரம்தான் கணக்கு.

இந்த எண்ணை மோட்டார் ரூம் கதவின் உள்பக்கம் பெயின்ட்டால் எழுதி வையுங்கள். இனி போடப்போகும் எல்லா மருந்துக்கும் இதுதான் அடிப்படை. "ரெண்டு கப் போடுங்க" என்ற ஆலோசனை 20,000 லிட்டர் குளத்துக்குச் சொன்னதா, 80,000 லிட்டருக்கா என்று யாருக்கும் தெரியாது.

2. கையில் இருக்க வேண்டியவை

இலை அள்ளும் வலை, சுவர் தேய்க்கும் நைலான் பிரஷ், நீட்டிக்கொள்ளும் கம்பு, வேக்குவம் ஹெட்டும் ஹோஸும், சோதனைக் கிட், மருந்து கரைக்க மட்டும் ஒரு 20 லிட்டர் பிளாஸ்டிக் பக்கெட், ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி.

கிட் வாங்கும்போது கவனியுங்கள். சொட்டு விட்டால் மஞ்சளாகும் மலிவான கிட் மொத்தக் குளோரினைக் காட்டும். அதில் வேலை செய்து ஓய்ந்த குளோரினும் சேர்ந்தே வரும். இளஞ்சிவப்பாக மாறும் டி.பி.டி. கிட்தான் இன்னும் வேலை செய்யக்கூடிய குளோரினைத் தனியாகக் காட்டும். அத்துடன் பி.ஹெச். (அமில–காரத் தன்மை), ஆல்கலினிட்டி (பி.ஹெச்.-ஐ நிலையாக வைக்கும் காரத்தன்மை), ஸ்டெபிலைசர் (வெயிலில் குளோரின் அழியாமல் காப்பது) மூன்றையும் அளக்க வழி வேண்டும். ஸ்டெபிலைசர் சோதனையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

மருந்துகளில் குளோரின், ஹைட்ரோகுளோரிக் ஆசிட், சமையல் சோடா, கொஞ்சம் படிகாரம் போதும். ஆசிட்டையும் குளோரினையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். டி.சி.சி.ஏ. (ஸ்டெபிலைசர் கலந்த குளோரின் மருந்து) பவுடரையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே கரண்டியால் அள்ளவே கூடாது. ஈரம் பட்டால் இந்தக் கலவை தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

3. எந்தக் குளோரின்? இங்கேதான் சறுக்குகிறார்கள்

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று. திரவக் குளோரின், பிளீச்சிங் பவுடர், டி.சி.சி.ஏ. 90. குளோரினை 1 பி.பி.எம். (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) உயர்த்த 40,000 லிட்டருக்கு வேண்டியது 40 கிராம் சுத்தக் குளோரின். அதன்படி:

- திரவக் குளோரின் (10 சதவீதம்): 400 மி.லி. வெயிலில் கிடந்த கேன் என்றால் 500 மி.லி. என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தில் அதன் வீரியம் வாரா வாரம் குறையும். அதனால் ஒரு மாதத்துக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள்.
- பிளீச்சிங் பவுடர் (30 சதவீதம்): சுமார் 130 கிராம்.
- டி.சி.சி.ஏ. 90: சுமார் 45 கிராம்.

டி.சி.சி.ஏ.-வில் குளோரினோடு ஸ்டெபிலைசரும் (சயனூரிக் ஆசிட்) சேர்ந்தே இருக்கிறது. வெயிலில் குளோரின் அழியாமல் அது பிடித்து வைக்கும். ஸ்டெபிலைசர் இல்லாத தண்ணீரில் உச்சி வெயில் பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரின் போய்விடும். ஆகவே வெயில் காலத்தில் 30 முதல் 50 பி.பி.எம். வரை ஸ்டெபிலைசர் அவசியம்.

ஆனால் குளோரின் செலவாகும், ஸ்டெபிலைசர் செலவாகாது. அது ஆவியாவதில்லை, ஃபில்டரிலும் நிற்பதில்லை. டி.சி.சி.ஏ. மூலம் 10 பி.பி.எம். குளோரின் சேர்த்தால் கூடவே 6 பி.பி.எம். ஸ்டெபிலைசர் சேர்கிறது. தினம் 2 பி.பி.எம். வீதம் போட்டால் ஒரு மாதத்தில் 36, மூன்று மாதத்தில் 100-ஐத் தாண்டும். அந்த நிலையில் கிட் 3 பி.பி.எம். குளோரின் காட்டும், தண்ணீரோ பச்சையாக நிற்கும். குளோரின் இருக்கிறது, கட்டுண்டு கிடக்கிறது. பவுடர் போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் பயனில்லை.

எனவே வரிசை இப்படி இருக்கட்டும்: தண்ணீர் புதிதாக நிரப்பிய குளத்தில் முதல் மூன்றரை வாரம் டி.சி.சி.ஏ. போடுங்கள். தினம் 2 பி.பி.எம். என்றால் அதற்குள் ஸ்டெபிலைசர் 30-ஐ எட்டிவிடும். அதன்பின் அன்றாடத்துக்குத் திரவக் குளோரினுக்கு மாறிவிடுங்கள். டி.சி.சி.ஏ. ஊருக்குப் போகும் நாட்களுக்கு மட்டும்.

பிளீச்சிங் பவுடர் விலை குறைவு, ஆனால் சுண்ணாம்பு வண்டல் விடும். அதை நேரடியாகத் தூவினால் தரையில் வெள்ளைப் படலம் படியும். பக்கெட்டில் கரைத்து ஒரு மணி நேரம் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். போர் தண்ணீர் ஏற்கெனவே கடினமாக இருக்கும் ஊர்களில் இதைத் தவிர்ப்பதே மேல்.

4. காலையில்: வலை, கூடை, பிரஷ்

மருந்தைப் பற்றி யோசிக்கும் முன் குப்பை வெளியே போக வேண்டும். வேப்பம்பூவும் சருகும் தண்ணீரில் ஊறினால், நீங்கள் போடும் குளோரின் கிருமியை விட்டுவிட்டு அதனோடு மல்லுக்கட்டும்.

மேலே மிதப்பதை முதலில் வலையால் அள்ளுங்கள்; அரை நாள் விட்டால் அடியில் போய்விடும். பிறகு மோட்டாரை நிறுத்தி ஸ்கிம்மர் (மேல்மட்டத் தண்ணீரை இழுக்கும் சுவர் வாய்) கூடையையும் மோட்டார் முன்னால் உள்ள கூடையையும் காலி செய்யுங்கள். மோட்டார் கூடை மூடியின் ரப்பர் வளையத்தில் மணல் ஒட்டியிருந்தால் காற்று உள்ளே இழுக்கும். குளத்துக்குள் தண்ணீர் வரும் வாயில் குமிழி கிளம்பினால் முதல் சந்தேகம் இந்த வளையத்தின் மேல் இருக்கட்டும்.

வாரம் இரண்டு முறை பிரஷ். சுவரை மேலிருந்து கீழாகத் தேய்க்க வேண்டும். ஏணிக்குப் பின்புறம், படிகளின் உள்மூலை, விளக்கைச் சுற்றிய வளையம், நிழல் விழும் பக்கம் ஆகிய இடங்களில் தண்ணீர் ஓட்டம் குறைவு. பாசி முதலில் அங்கேதான் கால் ஊன்றும். விரலால் தடவினால் வழுக்கும். கண்ணுக்குத் தெரிய இன்னும் இரண்டு நாள் ஆகும். பாசியின் மேல் உள்ள வழவழப்பு குளோரினை உள்ளே விடாது, அதனால்தான் தேய்க்காமல் மருந்து மட்டும் ஊற்றினால் அது சாவதில்லை.

5. மோட்டார் எத்தனை மணி நேரம் ஓட வேண்டும்?

உங்கள் மோட்டார் மணிக்கு 10,000 லிட்டர் தள்ளினால், 40,000 லிட்டர் ஒரு சுற்று வர நான்கு மணி நேரம். ஆனால் ஒரு சுற்றில் எல்லாத் தண்ணீரும் ஃபில்டர் வழியாகப் போய்விடாது. சுத்தமானது குளத்தில் விழுந்து அழுக்குத் தண்ணீரோடு கலந்துகொண்டே இருப்பதால், ஒரு சுற்றில் உண்மையில் வடிகட்டப்படுவது 63 சதவீதம், இரண்டு சுற்றில் 86 சதவீதம். ஆகவே வெயில் காலத்தில் எட்டு மணி நேரம் தேவை.

அதைக் காலை நான்கு, மாலை நான்கு என்று பிரியுங்கள். மாலை ஓட்டம் மருந்து ஊற்றும் நேரத்தையும் சேர்த்து இருக்க வேண்டும். மின்சாரம் மிச்சம் என்று மூன்று மணி நேரத்தோடு நிறுத்துபவர்கள் அந்தப் பணத்தைக் குளோரினில் விடுகிறார்கள்.

ஃபில்டரின் பிரஷர் மீட்டரில், பேக்வாஷ் (தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி மணலைக் கழுவுவது) செய்த உடனே என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 8 முதல் 10 பி.எஸ்.ஐ. ஏறினால் மறுபடி பேக்வாஷ். முறை:

1. மோட்டாரை நிறுத்துங்கள். ஓடும்போது வால்வைத் திருப்பினால் உள்ளே உள்ள கேஸ்கெட் கிழியும்.
2. வால்வை "பேக்வாஷ்" நிலைக்கு மாற்றி, இரண்டு மூன்று நிமிடம், கண்ணாடிக் குமிழில் தண்ணீர் தெளியும் வரை ஓட்டுங்கள்.
3. நிறுத்தி, "ரின்ஸ்" நிலையில் அரை நிமிடம். இதை விட்டால் கலைந்த அழுக்கு திரும்பக் குளத்துக்கே வரும்.
4. நிறுத்தி, "ஃபில்டர்" நிலைக்கு வந்து ஓட்டுங்கள்.

தினமும் பேக்வாஷ் செய்வது நல்லது என்று நினைக்க வேண்டாம். லேசாக அழுக்குப் படிந்த மணல்தான் நுண்ணிய தூசியைப் பிடிக்கும். மேலும் ஒவ்வொரு முறையும் 500 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் போகும். லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் இது சின்ன விஷயமல்ல.

6. தண்ணீர் சோதனை

குளோரினும் பி.ஹெச்.-ம் வெயில் காலத்தில் தினம் ஒரு முறை, மாலையில், மருந்து போடும் முன். ஆல்கலினிட்டி வாரம் ஒரு முறை, ஸ்டெபிலைசர் மாதம் ஒரு முறை.

தண்ணீரை மேல்மட்டத்தில் மொள்ளாதீர்கள். குப்பியைக் கவிழ்த்து முழங்கை ஆழம் வரை இறக்கி, அங்கே நிமிர்த்தி நிரப்புங்கள். தண்ணீர் உள்ளே வரும் வாய்க்குப் பக்கத்திலும் எடுக்கக் கூடாது.

இருக்க வேண்டிய அளவு: பி.ஹெச். 7.2 முதல் 7.6, ஆல்கலினிட்டி 80 முதல் 120, ஸ்டெபிலைசர் 30 முதல் 50. குளோரின், மருந்து போட்ட பின் 4 முதல் 5, மறுநாள் மாலை 2-க்குக் கீழே போகாமல்.

ஒரு பொறி இருக்கிறது. குளோரின் மிக அதிகமாக இருந்தால் டி.பி.டி. நிறம் ஒரு கணம் சிவந்து உடனே வெளுத்துவிடும். பார்ப்பவர் "குளோரினே இல்லை" என்று இன்னும் ஊற்றுவார். சந்தேகம் வந்தால் ஒரு பங்கு குளத்துத் தண்ணீருடன் மூன்று பங்கு ஆர்.ஓ. தண்ணீர் கலந்து சோதித்து, வரும் எண்ணை நான்கால் பெருக்குங்கள்.

இன்னொன்று, மூக்கை நம்பாதீர்கள். குளத்தில் "குளோரின் வாடை" தூக்கலாக அடித்தால், குளோரின் கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. வியர்வை, சிறுநீரோடு சேர்ந்து ஓய்ந்துபோன குளோரினின் வாடை அது. புதுக் குளோரின் போதவில்லை என்பதற்கான அடையாளம். கண் எரிச்சலுக்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

7. மாலையில்: முதலில் பி.ஹெச்., பிறகு குளோரின்

இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஸ்டெபிலைசர் இல்லாத தண்ணீரில் பி.ஹெச். 7.5 இருக்கும்போது குளோரினில் ஏறக்குறைய பாதி வீரியத்தோடு இருக்கும். 8-க்குப் போனால் கால் பங்குகூடத் தேறாது. ஸ்டெபிலைசர் இருந்தால் இந்த வித்தியாசம் குறையும். ஆனாலும் பி.ஹெச். ஏறிய சூடான தண்ணீரில் சுண்ணாம்பு பிரிந்து டைல்ஸில் வெள்ளையாகப் படிவது நிச்சயம்.

பி.ஹெச். 7.8-ஐத் தாண்டினால், மாலை 5 மணி வாக்கில் பக்கெட்டில் முக்கால் பங்கு தண்ணீர் எடுத்து, அதில் 250 மி.லி. ஆசிட்டை மெல்ல ஊற்றுங்கள். தண்ணீரில்தான் ஆசிட், ஆசிட்டில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். மோட்டார் ஓடும்போது ஆழமான பக்கத்தில் நடந்துகொண்டே பரவலாக ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். போதாவிட்டால் மறுநாள் இன்னொரு 250. ஒரே மூச்சில் ஒரு லிட்டர் ஊற்றிவிட்டுப் பிறகு சோடாவால் சரி செய்வது வீண் வேலை.

ஆல்கலினிட்டி 80-க்குக் கீழே இருந்தால் பி.ஹெச். ஒரு நிலையில் நிற்காது, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். 10 பி.பி.எம். உயர்த்த 670 கிராம் சமையல் சோடா. டி.சி.சி.ஏ. அமிலத்தன்மை கொண்டது, அதைத் தொடர்ந்து போட்டவர்களுக்கு இது அடிக்கடி தேவைப்படும்.

சூரியன் இறங்கிய பின் குளோரின். கிட் 2 காட்டுகிறது, 4.5 வேண்டும் என்றால் 2.5 × 400 = ஒரு லிட்டர் திரவக் குளோரின். தண்ணீர் உள்ளே வரும் வாய்க்கு எதிரே ஒழுகவிட்டால் தானே பரவும். அதன்பின் இரண்டு மணி நேரமாவது மோட்டார் ஓடட்டும். காலை 10 மணிக்கு ஊற்றினால் இதே ஒரு லிட்டரில் கணிசமான பங்கு பாசியைத் தொடும் முன்பே வெயிலுக்குப் போய்விடும்.

8. வாரம் ஒரு முறை வேக்குவம்

பிரஷ் போட்ட மறுநாள் காலை செய்யுங்கள், அழுக்கு அடியில் படிந்திருக்கும். ஹோஸை ஹெட்டோடு மாட்டித் தண்ணீரில் இறக்கி, மறுமுனையைத் தண்ணீர் உள்ளே வரும் வாயில் பிடியுங்கள். ஹெட்டின் அடியிலிருந்து குமிழி வருவது நிற்கும்வரை காத்திருந்து, அந்த முனையைத் தண்ணீருக்கு மேலே தூக்காமல் ஸ்கிம்மரில் செருகுங்கள். காற்றோடு செருகினால் மோட்டார் தண்ணீர் இழுப்பதை விட்டுவிடும்.

மெதுவாகத் தள்ளுங்கள். வேகமாகத் தள்ளினால் புழுதி எழும்பி, இரண்டு மணி நேரம் கழித்து அதே இடத்தில் உட்காரும்.

தண்ணீர் மட்டத்தில் டைல்ஸில் விழும் எண்ணெய்க் கோடு, தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெயும் சன்ஸ்கிரீனும் செய்யும் வேலை. ஈர ஸ்பாஞ்சில் சமையல் சோடா தொட்டுத் தேய்த்தால் போதும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு வேண்டாம், மோட்டார் போட்டதும் குளம் முழுக்க நுரை வரும். இறங்கும் முன் எல்லோரும் ஷவரில் நனைந்து வந்தால் கோடும் குறையும், ஃபில்டர் மணலும் பிசுபிசுக்காது.

9. தண்ணீர் குறைவதும் நிரப்புவதும்

காற்றும் வெயிலும் சேர்ந்த நாளில் 6 மி.மீ. வரை ஆவியாவது சகஜம். 32 சதுர மீட்டர் பரப்புக்கு அது 190 லிட்டர். அதைவிட அதிகம் குறைகிறதா? படியில் ஒரு பக்கெட்டை வைத்து, குளத்தின் மட்டம் வரை தண்ணீர் ஊற்றி இரண்டிலும் கோடு போடுங்கள். மோட்டாரை நிறுத்தி ஒரு நாள் கழித்துப் பார்த்தால், பக்கெட்டில் குறைந்ததைவிடக் குளத்தில் அதிகம் குறைந்திருந்தால் கசிவு.

போர் தண்ணீரில் இரும்பு இருந்தால், நிரப்பிக் குளோரின் போட்ட சில மணி நேரத்தில் குளம் டீ நிறமாகும் அல்லது மங்கிய பச்சையாகும். பாசி என்று நினைத்து இன்னும் குளோரின் ஊற்றினால் நிறம் கூடத்தான் செய்யும். நிரப்பும் முன்பே ஒரு வெள்ளைப் பக்கெட்டில் போர் தண்ணீர் பிடித்து, ஒரு மூடி குளோரின் விட்டு அரை மணி நேரம் பாருங்கள். பழுப்பானால் அந்தத் தண்ணீரைக் குளத்துக்கு விடாதீர்கள். மட்டம் சரிசெய்ய லாரித் தண்ணீரே மேல்.

10. பச்சையாகிவிட்டால்

1. முதலில் ஸ்டெபிலைசர் அளவு. 80-க்கு மேல் இருந்தால் மருந்து வீண். ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் வெளியேற்றிப் புதிது நிரப்புங்கள். கோடையில் முழுக்கக் காலி செய்யக் கூடாது. காய்ந்த டைல்ஸ் வெயிலில் பெயரும். நிலத்தடி நீர் மேலே உள்ள கடலோர இடங்களில் தொட்டியே மேலே எழும்பும் ஆபத்தும் உண்டு.
2. இலை, சருகை அள்ளிவிட்டு, பி.ஹெச்.-ஐ 7.2-க்குக் கொண்டு வாருங்கள். குளோரின் ஏறிய பின் பி.ஹெச். சோதனை சரியான நிறம் காட்டாது, அதனால் இது முன்பே முடிய வேண்டும்.
3. இருட்டியதும் குளோரினை ஸ்டெபிலைசர் அளவில் 40 சதவீதத்துக்கு ஏற்றுங்கள். ஸ்டெபிலைசர் 40 என்றால் குளோரின் 16, அதாவது ஏறக்குறைய ஆறரை லிட்டர் திரவக் குளோரின். பாதி அளவில் நிறுத்தினால் பாசி பாதி செத்து மறுபடி முளைக்கும்.
4. எல்லாச் சுவரையும் தேய்த்து, மோட்டாரை இரவு பகலாக ஓட்டுங்கள். பிரஷர் ஏறும்போதெல்லாம் பேக்வாஷ். தினம் இரண்டு முறை அளந்து, குறைந்த குளோரினை மறுபடி ஏற்றுங்கள்.
5. பச்சை போய்ச் சாம்பல் வெள்ளையாகக் கலங்கும். அது செத்த பாசி. இருட்டிய பின் ஒரு முறையும் விடியும் முன் ஒரு முறையும் அளந்து, இடையில் 1 பி.பி.எம்.-க்குள் மட்டும் குறைந்திருந்தால் உயிருள்ள பாசி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

கலங்கல் நீங்கப் படிகாரம்: 40,000 லிட்டருக்கு அரை கிலோ. ஆல்கலினிட்டி 80-க்குக் குறையாமல் இருக்கும்போது, கரைத்துப் பரவலாக ஊற்றி, வால்வை "ரீசர்குலேட்" நிலையில் வைத்து அரை மணி நேரம் ஓட்டி, இரவு முழுக்க மோட்டாரை நிறுத்துங்கள். காலையில் அடியில் மெத்தென்று ஒரு படுகை கிடக்கும். அதை "வேஸ்ட்" நிலையில் மெதுவாக வேக்குவம் செய்து வெளியே தள்ளுங்கள். "ஃபில்டர்" நிலையில் இழுத்தால் மணல் அடைத்துக்கொள்ளும். இதில் சில ஆயிரம் லிட்டர் போகும் என்பதால் முந்தின நாளே மட்டத்தை ஏற்றி வையுங்கள். குளோரின் 5-க்குக் கீழே இறங்கும்வரை யாரும் குளிக்க வேண்டாம்.

மயில் துத்தம் போடச் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. செம்பு பாசியைக் கொல்லும்தான். ஆனால் அதுவும் தண்ணீரிலேயே சேர்ந்து டைல்ஸ் இணைப்புகளில் கறை விடும். வெளிர் முடிக்குப் பச்சை ஏற்றும். குளோரின் கணக்கு சரியாக இருக்கும் குளத்துக்கு அது தேவையில்லை.

11. ஒரு வாரம் ஊருக்குப் போனால்

கிளம்பும் முன்தினம் பிரஷ், வேக்குவம், பேக்வாஷ் மூன்றையும் முடித்து, மாலை குளோரினை 5-க்கு ஏற்றுங்கள். 200 கிராம் டி.சி.சி.ஏ. மாத்திரை நான்கை மிதவையில் போட்டு விடுங்கள். ஒவ்வொன்றிலும் 180 கிராம் குளோரின், ஏழு நாளைக்கு ஏறக்குறையச் சரியாக வரும். மாத்திரையை ஸ்கிம்மர் கூடையில் போடாதீர்கள். மோட்டார் நின்றிருக்கும் நேரத்தில் அங்கே தேங்கும் அமிலத் தண்ணீர் மோட்டார் போட்டதும் பைப்பையும் சீலையும் அரிக்கும்.

மோட்டாருக்கு டைமர் இருந்தால் எட்டு மணி நேரம் வையுங்கள். மின்தடைக்குப் பின் டைமர் கடிகாரம் பின்தங்கிவிடும் என்பதால், நடுவில் ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கச் சொல்வது நல்லது. தண்ணீர் அசையாமல் நின்று குளோரினும் தீர்ந்தால் ஒரு வாரத்தில் கொசுப்புழு வந்துவிடும்.

திரும்பியதும் கூடைகளைக் காலி செய்து, மோட்டாரைப் போட்டு, பிரஷர் பார்த்துவிட்டு, சோதனை. ஆழமான பக்கத்தில் அடித்தரை வடிகால் ஜாலியின் கம்பிகள் கரையில் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரியாவிட்டால், கிட் என்ன காட்டினாலும் பிள்ளைகளை இறக்காதீர்கள். கலங்கிய தண்ணீரில் ஒருவர் மூழ்கினால் மேலிருந்து தெரியாது.